மணியின் மூக்குக்கு ஒரு பாதை

மதுரை ஒத்தக்கடைப் பக்கமிருந்து யானைமலையைப் பார்த்தால் யாருக்கும் ஏறத் தோன்றும். உங்கள் வீட்டு நாய் மணியையும் கூட்டிக்கொண்டு போகலாமே என்று சங்கிலியைக் கையில் எடுக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். உங்கள் காலில் செருப்பு இருக்கிறது. மணிக்கு இல்லை.

பாறையில் புறங்கையை வைத்து ஒன்று, இரண்டு என்று ஏழு வரை எண்ணிப் பாருங்கள். நடுவில் கையை வெடுக்கென்று எடுத்துவிட்டால், அந்தப் பாறை நாய்க்கு ஆகாது. உள்ளங்காலின் கறுப்புத் தோல் தடிமன்தான், ஆனாலும் அது கொப்பளிக்கும்.

“அப்படியென்றால் சாயங்காலம் போகிறோம், வெயில் தணிந்திருக்குமே!” என்பீர்கள். காற்று தணிந்திருக்கும், பாறை தணிந்திருக்காது. நாளெல்லாம் வெயிலில் வாங்கிய சூட்டை அந்தப் பெரிய பாறை இரவு முழுக்க மெல்ல மெல்லத்தான் வெளியே விடும். அது மிகவும் குளிர்ந்திருக்கும் நேரம் விடியற்காலை. அதற்காக இருட்டிலேயே கிளம்பிவிடாதீர்கள். சுருட்டை விரியன் இரவில் இரை தேடும் பாம்பு, காய்ந்த கல்லாங்காடு அதற்கு மிகவும் பிடித்த இடம். தரை கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த பிறகு போனால் போதும்.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும், வியர்வை ஆவியாகும்போது உடல் குளிரும். நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் அப்படி வியர்க்கும், அது போதாது. அதனால்தான் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறது. சும்மா படுத்திருக்கும் நாய் நிமிடத்துக்கு 10 முதல் 30 முறை மூச்சு விடும். இரைக்கும்போது அது 300-ஐத் தாண்டிவிடும்! ஈரமான நாக்கின் மேலும் வாயின் மேலும் காற்று ஓட ஓட, அங்குள்ள நீர் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். அதை நாயின் உடலிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் நீர் எளிதில் ஆவியாகாது. ஐப்பசியில் மழை விட்டுப் புழுங்கும் நாளில், பங்குனி வெயில் அளவுக்குச் சூடு இல்லாவிட்டாலும் நாய் சீக்கிரம் களைத்துப்போவது இதனால்தான்.

வாயால் இப்படி இரைக்கும் நாயால் ஒழுங்காக மோப்பம் பிடிக்க முடியாது. மோப்பம் பிடிக்கக் காற்று மூக்கு வழியே போக வேண்டும். நாய்க்கு நடை என்பதே முக்கால்வாசி மோப்பம்தான். வாசனையை உணரும் செல்கள் நமக்குச் சுமார் 50 லட்சம், நாய்க்கு 20 கோடிக்கும் மேல். நீங்கள் உச்சியில் நின்று வைகையையும் கோபுரங்களையும் பார்த்து வாயைப் பிளப்பீர்கள். மணிக்கு அந்தக் காட்சியெல்லாம் ஒன்றுமேயில்லை. நேற்று ராத்திரி இந்தக் கல்லுக்குப் பக்கத்தில் கீரி போனதா, முயல் போனதா என்பதுதான் அதற்குச் செய்தி. ஆகவே நல்ல பாதை எது என்று கேட்டால் என் பதில் இதுதான்: மணியின் வாய் மூடி, மூக்கு வேலை செய்துகொண்டே இருக்கிற பாதை.

மதுரையைச் சுற்றி அப்படிப்பட்ட பாதை மலையில் இருப்பதைவிடக் கண்மாய்க் கரையில்தான் அதிகம். கரை மண்ணால் ஆனது, காலுக்கு மெத்தென்றிருக்கும். கருவேல நிழலும் பக்கத்திலேயே தண்ணீரும் இருப்பதால் காற்றும் கொஞ்சம் குளுமை. காலைக் குளிரில் வாசனை தரையோடு தரையாகத் தங்கும். வெயில் ஏறினால் தரையில் சூடான காற்று மேலெழும்பி அதைக் கலைத்துவிடும்.

கரையில் மெல்லிய புழுதி இருக்கும் இடமாகப் பார்த்து, மணி மூக்கை வைக்கும்போது நீங்களும் குனிந்து கவனியுங்கள். மூக்குத் துளையின் ஓரத்தில் பக்கவாட்டில் ஒரு கீறல் தெரியும். உள்ளே இழுக்கும் காற்று முன்னாலிருந்து போகிறது. வெளியே விடும் காற்று அந்தக் கீறல் வழியாகப் பக்கத்தில் திரும்பி வருகிறது. மூக்கின் இரண்டு பக்கமும் புழுதி சிறிது சிறிதாகக் கிளம்பும். முன்னால் இருக்கும் வாசனையைத் தன் மூச்சே ஊதித் தள்ளிவிடாமலிருக்க இப்படி ஓர் ஏற்பாடு. நொடிக்கு ஐந்து முறைகூட இப்படி முகரும். இதைப் பார்ப்பதற்கே ஒரு முறை போகலாம்.

கரையில் நெருஞ்சியும் கருவேல முள்ளும் கிடக்கும், அவ்வப்போது பாதத்தைப் பாருங்கள். அறுப்பு முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தால் சுற்றிப் போய்விடுங்கள். கிடைக்காவல் நாய்க்கு மணி விருந்தாளியல்ல. பச்சை பூத்துத் தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டுபோங்கள். தேங்கிய தண்ணீரில் இருக்கக்கூடிய எலிக்காய்ச்சல் கிருமி நாயையும் தாக்கும்.

மலைகளுக்கு வருவோம். கீழக்குயில்குடி சமணமலை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குள் விலங்குகளைக் கொண்டுபோகக் கூடாது என்று 1959-ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. மணியை யாராவது அடிவாரத்து ஆலமர நிழலில் பிடித்துக்கொண்டிருக்க, மற்றவர்கள் ஏறி மகாவீரர் சிற்பத்தைப் பார்த்து வரலாம். முறை மாற்றிக்கொள்ளுங்கள்.

அரிட்டாபட்டியைத் தமிழ்நாடு அரசு 2022-இல் மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. சுமார் 250 பறவையினங்கள், தேவாங்கு, எறும்புதின்னி, மலைப்பாம்பு எல்லாம் அங்கே உண்டு. மணி ஊர்ப்பாதையோடு, சங்கிலியோடு நின்றுகொள்ளட்டும்.

அழகர்மலைக் காட்டுக்கு நாய் வேண்டவே வேண்டாம். “எங்கள் மணி யாரையும் கடிக்காதே!” என்கிறீர்களா? கடிக்க வேண்டியதில்லை, தும்மினாலே போதும். டிஸ்டம்பர் என்று நாய்களுக்கு வரும் ஒரு வைரஸ் காய்ச்சல் காட்டு விலங்குகளுக்கும் தொற்றும். 1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் சுமார் மூன்றில் ஒரு பங்குச் சிங்கங்கள் அதில் மடிந்தன. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோதும், அவற்றில் சிலவற்றில் அதே வைரஸ் இருந்தது. வெறிநாய்த் தடுப்பூசியோடு இதற்கான ஊசியையும் போட்டுவிடுங்கள்.

நாயைப் பொறுத்தும் பாதை மாறும். சிப்பிப்பாறைக்கு ஒட்டிய முடி, ஒல்லி உடம்பு, ஆழ்ந்த மார்பு. நம் வெயிலுக்கென்றே அமைந்த உடல். ஆனால் அது கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய். தூரத்தில் ஒரு மயில் அசைந்தால் போதும், சங்கிலியோடு உங்களையும் இழுக்கும். ராஜபாளையம் நாய்க்கு வெள்ளை முடிக்குக் கீழே இளஞ்சிவப்புத் தோல், மூக்கும் அதே நிறம், அதனால் வெயில் சுடும். சப்பை மூக்குப் பக் நாய்க்கு மூச்சுப் பாதையே குறுகல், வீட்டுத் தெருவே அதற்குப் போதுமான மலையேற்றம். பனி நாட்டு ஹஸ்கியை மதுரையில் வளர்ப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத காரியம், அதைச் சொல்லிவிடுகிறேன்.

வழியில் மணியின் நாக்கு நீண்டு அகன்று தொங்கினால் நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள். நடை தள்ளாடினாலோ எச்சில் கெட்டியாக வடிந்தாலோ ஆபத்து. நாயின் உடல் வெப்பம் சாதாரணமாக 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், 41-ஐத் தாண்டினால் உயிருக்கே உலை. உடம்பு முழுவதையும் தண்ணீரால் நனைத்து, விசிறிக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள். நன்றாக நடந்து வீடு திரும்பினாலும் காது மடல், விரலிடுக்கு, வாலடி மூன்றையும் தடவிப் பாருங்கள். உண்ணி இருந்தால் அப்பாவையோ அம்மாவையோ கூப்பிட்டு, தோலை ஒட்டினாற்போல் இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் நகத்தால் நசுக்கக் கூடாது.