எத்தனை மாதம்?

1954-ஆம் ஆண்டில் மெக்சிக்கோவின் குயெர்னவாக்கா நகர ஆலயத்தில் காணிக்கைப் பெட்டியைத் திருடிய சிறுவன் பிடிபட்டான். ஆலயப் பொறுப்பிலிருந்த வில்லியம் வாசன் அடிகளார் வழக்குத் தொடர மறுத்து, அவனைத் தம்மிடமே ஒப்படைக்குமாறு வேண்டினார். சில நாட்களில் மேலும் எட்டுச் சிறுவரை நீதிபதி அனுப்பிவைத்தார். 'நம் சின்னஞ்சிறு சகோதரர்' என்று பொருள்படும் ஸ்பானியப் பெயர் பெற்ற இல்லம் இங்ஙனம் உருவாயிற்று. பின்னர் ஹொண்டுராஸ், ஹெயிட்டி, குவாத்தமாலா முதலிய நாடுகளுக்கும் பரவிற்று.

இவ்வில்லங்களுக்குப் பிற நாட்டு இளைஞர் பலர் தொண்டாற்றச் செல்கின்றனர். பெரும்பணி புரியும் கனவோடு செல்வோர்க்கு முதல் மாதங்கள் எளியவை அல்ல. நாள்தோறும் அவரையும் சோள ரொட்டியும். ஸ்பானியமோ நாவில் படியாது. பட்டம் பெற்றவரும் ஐந்து வயதுக் குழந்தையிடம் சொல் கற்க நேரிடும். (இது நல்ல மருந்தே என்பது நம் எண்ணம்.) நம் பிள்ளைகள் மாமா, அத்தை என்பதுபோல், 'தியோ', 'தியா' என்று பெரியோரை அழைக்கும் அக்குழந்தைகளுள் பலர் பெற்றோரை இழந்தவர், சிலர் கைவிடப்பட்டவர். அதனாலேயே உடன்பிறந்தாரைப் பிரிப்பதில்லை, எவரையும் தத்துக்கொடுப்பதில்லை என்று வாசன் அடிகளார் உறுதிபூண்டார். இத்தகைய குழந்தையின் அன்பைப் பெற்றுச் சில வாரங்களில் மறைந்துபோகிறவர், பழைய புண்ணையே மீண்டும் கிளறுகிறார். தொண்டர்களிடம் ஓராண்டும் அதற்கு மேலும் இவ்வில்லங்கள் கேட்டுவந்தமைக்குக் காரணம் இதுவே.

நற்சான்றுக் கடிதம் வேண்டி நம்மிடம் வரும் இளைஞரிடம், எத்தனை மாதம் தங்குவதாக எண்ணம் என்றே முதலில் வினவுகிறோம். மூன்று வாரம் என்பாராயின், பயணச் செலவுத் தொகையை இல்லத்திற்கே அனுப்பிவிடுமாறு சொல்லிவிடுகிறோம்.