ஆசிரியரின்றிக் கற்ற சோஃபி ஜெர்மேன்

எண் கோட்பாட்டிலும் அதிரும் தகடுகளின் கணிதத்திலும் நிலைத்த இடம் பெற்ற சோஃபி ஜெர்மேன், 1776 ஏப்ரல் 1 அன்று பாரிஸ் நகரில் பட்டு வணிகர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். வீட்டில் செல்வமும் நூல்களும் இருந்தன. ஆயினும் பெண்ணுக்குக் கணிதம் கற்பிக்கும் வழக்கம் அன்றைய வணிகக் குடும்பங்களில் இல்லை.

1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்துத் தெருக்கள் கலவரக்களமானபோது, வெளியே செல்ல இயலாத பதின்மூன்று வயதுச் சிறுமி தந்தையின் நூலகத்தில் பொழுதைக் கழித்தார். அங்கே மோந்துக்லா எழுதிய கணித வரலாற்றில், நகரம் பகைவர் கைப்பட்டதையும் உணராமல் வடிவியலில் ஆழ்ந்திருந்து உயிர்நீத்த ஆர்க்கிமிடீஸின் வரலாற்றைப் படித்து, ஒருவரை அவ்வளவு ஈர்க்கும் கலையைத் தாமும் கற்பதென்று உறுதிகொண்டார். நியூட்டன், ஆய்லர் ஆகியோரின் நூல்கள் இலத்தீனில் இருந்ததால் முதலில் அம்மொழியையே தாமாகக் கற்றார். இரவில் படிப்பதைத் தடுக்கப் பெற்றோர் விளக்கையும் கணப்பையும் அகற்றிய பின்னரும், மைக்கூட்டில் மை உறையும் குளிரில், ஒளித்துவைத்த மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவர் கணக்குகளைத் தொடர்ந்ததாக அவருடைய நண்பர் லிப்ரி பதிவு செய்துள்ளார். பெற்றோர் இறுதியில் இணங்கினர்.

1794-ல் பாரிஸில் தொடங்கப்பட்ட எக்கோல் பாலிடெக்னிக் என்னும் உயர்தொழில்நுட்பப் பள்ளி ஆண்களை மட்டுமே சேர்த்தது. ஜெர்மேன் அங்கு நடந்த பாடங்களின் குறிப்புகளைத் தேடிப்பெற்றுப் படித்து, லெப்லாங்க் என்ற ஆண்பெயரில் பேராசிரியர் லக்ராஞ்சுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். எழுதியவர் பெண் என்று அறிந்த பின்பும் லக்ராஞ்சு அவரைப் பாராட்டி ஊக்குவித்தார். ஆனால் ஊக்கம் ஒழுங்கான பாடத்திட்டத்துக்கு ஈடாகாது. அதே பெயரில் 1804 முதல் ஜெர்மானிய மேதை காஸுக்கும் அவர் கடிதம் எழுதினார். உண்மை தெரியவந்தபோது, 1807-ல் காஸ் அவருடைய துணிவையும் அறிவாற்றலையும் மனமுவந்து போற்றினார்.

வகுப்பறை மறுக்கப்பட்டதன் விலை பின்னர்தான் புலப்பட்டது. மணல் தூவிய தகட்டின் விளிம்பை வில்லால் மீட்டினால் மணல் அழகிய கோலங்களாக ஒதுங்கும். இயற்பியலாளர் கிளாட்னி செய்துகாட்டிய இந்த விந்தைக்குக் கணித விளக்கம் கேட்டு, பிரெஞ்சு அறிவியல் நிறுவனம் 1809-ல் பரிசு அறிவித்தது. 1811-ல் வந்த ஒரே விடை ஜெர்மேனுடையது. சாத்தியமான வளைவுகளுள் மிகப்பொருத்தமானதைக் கண்டறியும் மாறுபாட்டு நுண்கணிதத்தில் முறையான பயிற்சி இல்லாததால் அவருடைய சமன்பாடு பிழைபட்டது. நடுவர்களுள் ஒருவராயிருந்த லக்ராஞ்சு அதைத் திருத்தினார். 1813-ல் அனுப்பிய இரண்டாம் முயற்சிக்குச் சிறப்புக் குறிப்பு மட்டுமே கிட்டியது. நல்ல ஆசிரியர் ஒருவர் இளமையிலேயே களைந்திருக்கக்கூடிய குறைகளை, உலகறிய, தனியொருவராய்த் திருத்தவேண்டிய நிலை அவருக்கு நேர்ந்தது. மூன்றாம் முயற்சியில், 1816 ஜனவரியில், தம் நாற்பதாம் வயதை எட்டும் தறுவாயில், அவர் அந்தப் பரிசை வென்றார்.