உறுமலுக்கு ஒரு கடிவாளம்

இங்கிலாந்தின் பந்தயத் தடங்களில் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு முதல் சோதனை வேகமல்ல, சத்தம். டெசிபல் மீட்டர் காட்டும் எண்ணில் தடங்களின் ஆயுளும் அடங்கியிருக்கிறது.

காலை எட்டு மணிக்கே கார்கள் வரிசை கட்டிவிடுகின்றன. லோட்டஸ், கேட்டர்ஹாம், போர்ஷே என்று ஒன்றையொன்று விஞ்சும் ரகங்கள். ஆனால் அவை எவ்வளவு வேகம் போகும் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. மைக்ரோபோனுடன் வரும் ஊழியர் நேராகக் காரின் பின்பக்கம் போகிறார். புகைக்குழாயின் முனையிலிருந்து அரை மீட்டர் தூரத்தில், 45 டிகிரி கோணத்தில் அதைப் பிடிக்கிறார். எஞ்சினை அதன் உச்ச வேகத்தில் முக்கால் பங்குக்கு முடுக்க வேண்டும். உச்சம் 7,000 சுற்று என்றால் சோதனை 5,250-இல். சில விநாடிகள்தான். மீட்டரில் தெரியும் எண் வரம்பைத் தாண்டினால் கார் வீடு திரும்ப வேண்டியதுதான். கட்டிய பணம் பெரும்பாலும் திரும்பாது.

'டிராக் டே' என்பது பந்தயமல்ல. யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்தி, சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள். ஒலி வரம்பு தடத்துக்குத் தடம், நாளுக்கு நாள் மாறும். நிறுத்தி வைத்துச் செய்யும் சோதனையில் 98 முதல் 105 டெசிபல் வரை என்பது வழக்கமான வரம்பு. இதில் தேறினாலும் நிம்மதி இல்லை. தடத்தின் ஓரத்தில் இன்னொரு மைக்ரோபோன் நாள் முழுவதும் காது கொடுத்துக் கொண்டிருக்கும்.

இத்தனை கெடுபிடிக்குக் காரணம் வரலாறும் நீதிமன்றமும். குட்வுட், காசில் கூம், ஸ்னெட்டர்ட்டன், குரோஃப்ட் எல்லாமே இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளங்கள். போர் முடிந்ததும் அந்தத் தளங்களின் பாதைகளில் கார்கள் ஓடத் தொடங்கின. சுற்றிலும் கிராமங்கள். யார்க்‌ஷரின் வடக்கே உள்ள குரோஃப்ட் தடத்தின் அருகில் வசித்த ஒரு குடும்பம் சத்தம் தாளாமல் வழக்குத் தொடுத்தது. உயர் நீதிமன்றம் 2008-இல் நஷ்டஈடு மட்டும் வழங்கியது. 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒருபடி மேலே போய், சத்தம் மிகுந்த நாள்கள் ஆண்டுக்கு 40-ஐத் தாண்டக் கூடாது என்று தடை விதித்தது.

"நாங்கள்தான் முதலில் வந்தோம்" என்ற வாதமும் எடுபடவில்லை. சஃபோக் மாவட்டத்தின் மில்டன்ஹாலில் 1975-இல் அனுமதி பெற்ற மோட்டார் பந்தய மைதானத்தின் அருகே 2006-இல்தான் வீடு வாங்கினார்கள் ஒரு தம்பதியர். தொல்லை இருக்கும் இடத்துக்குத் தெரிந்தே குடிவந்தார்கள் என்பது தற்காப்பாகாது என 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1966-இல் பந்தயங்களை நிறுத்திய குட்வுட், 1998-இல் மீண்டும் உயிர் பெற்றதும் சத்தமான நாள்களுக்கு உச்சவரம்பை ஏற்றுக்கொண்டுதான்.

கிராமத்துக்காரர்களின் புகார் மிகையா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறைகிறது. அரை மீட்டரில் 105 காட்டும் கார், அரை கிலோமீட்டருக்கு அப்பால் சுமார் 45. பரவாயில்லைதான். ஆனால் ஒரே நேரத்தில் 20 கார்கள் ஓடினால் அது 58 ஆகிவிடும். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்கு அனுமதிக்கும் பகல்நேர அளவு 55. இதற்கு மேல், முழு வேகத்தில் ஓடும் எஞ்சின் நின்ற இடத்தில் உறுமுவதை விடக் கூடுதலாகவே சத்தமிடும். காற்று கிராமத்தின் பக்கம் வீசினால் கேட்கவே வேண்டாம்.

காரின் உரிமையாளருக்கு டெசிபல் கணக்கு வேறுவிதமாகச் சோதனை வைக்கிறது. 104-ஐ 98 ஆக்குவது வெறும் ஆறு எண் சமாச்சாரம் அல்ல. மூன்று டெசிபல் குறைந்தால் ஒலியாற்றல் பாதியாகும். ஆறு குறைய, அது கால்வாசியாக வேண்டும். சிரமப்பட்டுக் குறைத்த பிறகும் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

குறைக்கும் வழிகளில் முதன்மையானது சைலன்சரின் உள்ளே இருக்கிறது. பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் சைலன்சர்களில் துளைகள் நிறைந்த குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழையோ எஃகுப் பஞ்சோ திணித்திருப்பார்கள். ஒலி அதற்குள் புகுந்து வெப்பமாகக் கரைகிறது. சூடான புகை நாளடைவில் இந்தப் பஞ்சை அரித்து வெளியே தள்ளிவிடும். போன வருடம் தேறிய கார் இந்த வருடம் தோற்பது இதனால்தான். திறந்து புதிதாகப் பஞ்சடைப்பதே செலவு குறைந்த வைத்தியம். அதோடு, குழாய் இணைப்புகளில் கசிவு இருந்தால் அதையும் அடைக்க வேண்டும்.

அது போதாவிட்டால் பெரிய சைலன்சர், அல்லது இரண்டாவதாக ஒன்று. உள்ளே இடம் கூடக்கூடச் சத்தம் அடங்கும். லோட்டஸ் எலிஸ் போல நடுவில் எஞ்சின் வைத்த கார்களில் குழாயே குட்டை, சைலன்சருக்கு இடமும் குறைவு. எடை கூடும் என்பது இன்னொரு மனக்குறை. சக்தி கூட்டுவதற்காகக் கழற்றிய கேட்டலிடிக் கன்வர்ட்டரைத் திரும்பப் பொருத்தினாலும் சில டெசிபல் இறங்கும். குழாயின் வாயில் செருகும் அடைப்பான் சோதனைக்கு உடனடியாக உதவும். ஆனால் புகை தடைப்பட்டு எஞ்சினின் சக்தி குறையும்.

இவ்வளவும் செய்த பிறகு எண் அசையாமல் நின்றால், சந்தேகம் எஞ்சின் காற்றை உறிஞ்சும் பக்கம் திரும்ப வேண்டும். புகைக்குழாய் 95, காற்றுக்குழாய் 95 என்றால் கூட்டுத்தொகை 98. ஒன்றை மட்டும் எவ்வளவு அடக்கினாலும் மற்றது 95-இலேயே நிறுத்தி வைக்கும்.

சாமர்த்தியசாலிகளுக்குக் குறுக்கு வழிகளும் தெரியும். குழாயின் வாயை மைக்ரோபோனுக்கு எதிர்ப்புறமாகத் திருப்புவார்கள். மைக்ரோபோன் இருக்கும் இடம் வந்ததும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார்கள். மீட்டர் ஏமாறலாம், வேலிக்கு அப்பால் குடியிருப்பவர் ஏமாற மாட்டார். அவர் எழுதும் ஒவ்வொரு புகார்க் கடிதமும் தடம் திறந்திருக்கும் நாள்களைக் குறைக்கும் வலு உள்ளது. அப்படிக் குறைந்தால் இழப்பு, விதியை மதித்துப் பஞ்சடைத்து வந்தவருக்கும் சேர்த்துத்தான்.