மிச்சப் பார்வைக்கு என்ன செய்கிறது தொழில்நுட்பம்?

வங்கிக் கணக்கு தொடங்க இப்போது கிளைக்குப் போக வேண்டியதில்லை. கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்தால் போதும், முகத்தை வட்டத்துக்குள் வையுங்கள், கண்ணைச் சிமிட்டுங்கள் என்று செயலி சொல்லும். எதிரே இருப்பது உயிருள்ள ஆளா, வெறும் புகைப்படமா என்று கண்டறியும் வழி இது. வட்டம் எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர் என்ன செய்வார்? அமில வீச்சில் இமைகள் சிதைந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? அமில வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வையற்ற ஒருவரும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வந்தது. இணையவழிச் சேவைகளை அணுகும் உரிமை, அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்றது நீதிமன்றம். சிமிட்டலுக்கு மாற்று வழிகள் வேண்டும் என்பது உட்பட 20 உத்தரவுகளையும் பிறப்பித்தது.

அந்தத் தீர்ப்பின் பயன் பார்வையே இல்லாதவர்களோடு நின்றுவிடுவதில்லை. கண் தெரிகிறவர், தெரியாதவர் என்று இரண்டாகப் பிரித்துப் பேசியே நமக்குப் பழக்கம். இடையில் ஒரு பெருங்கூட்டம் இருக்கிறது. கண்ணாடி போட்டும், சிகிச்சை எடுத்தும், நல்ல கண்ணில்கூடப் பார்வை 6/18-க்கு மேல் ஏறாதவர்கள். மற்றவர்கள் 18 மீட்டர் தொலைவில் படிக்கும் எழுத்தை இவர்கள் 6 மீட்டருக்குள் வந்தால்தான் படிக்க முடியும். இது குறைபார்வை.

எல்லோருக்கும் ஒரே மாதிரி மங்குவதும் இல்லை. விழித்திரையின் மையம் பழுதானவருக்குப் பக்கவாட்டில் ஓடும் பூனை தெரியும், எதிரே நிற்கும் மகளின் முகம் தெரியாது. கிளாக்கோமா முற்றியவருக்கு இது தலைகீழ். நாளிதழ் படிப்பார், பக்கத்தில் நிற்கும் சைக்கிளில் மோதிக்கொள்வார். "பேப்பர் படிக்க மட்டும் கண்ணு தெரியுதா?" என்று வீட்டிலேயே கேட்டுவிடுவார்கள். அந்தச் சொல் தரும் காயம் மோதலில் பட்ட காயத்தைவிடப் பெரிது.

ஆகவே எந்தப் புதிய கருவியைப் பற்றிப் படித்தாலும் ஒன்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். மிச்சமிருக்கும் பார்வையை அது வேலை செய்ய விடுகிறதா, முடக்குகிறதா?

சர்க்கரை நோயையே எடுத்துக்கொள்வோம். விழித்திரையின் நுண் ரத்தக்குழாய்களைச் சிதைத்துப் பார்வையைப் பறிக்கும் அதே நோய்தான், நாள் தவறாமல் சிறிய எண்களைப் படிக்கவும் சொல்கிறது. குளுக்கோமீட்டரின் சின்னத் திரை, இன்சுலின் பேனாவில் கடுகளவு எண்கள், மாத்திரை அட்டையின் பளபளக்கும் முதுகில் காலாவதித் தேதி. பேனாவைத் திருகும்போது ஒவ்வொரு யூனிட்டுக்கும் 'கிளிக்' என்று ஒலி வரும். பார்வை மங்கியவர்கள் அதை எண்ணி மருந்தளவு வைப்பதுண்டு. அப்படி எண்ணக் கூடாது என்று பல பேனாக்களின் குறிப்புத்தாளிலேயே எச்சரிக்கை இருக்கிறது. அதுவும் பொடி எழுத்தில்தான்! அளவை உரக்கச் சொல்லும் குளுக்கோமீட்டர்கள் உலகில் பல ஆண்டுகளாக இருக்கின்றன. முடிவை ப்ளூடூத் வழியே கைபேசிக்கு அனுப்பும் கருவிகளும் வந்துவிட்டன. கைபேசி அதைப் பெரிய எழுத்தில் காட்டும், வாசித்தும் சொல்லும். மருத்துவர்கள் மருந்துச் சீட்டு எழுதும்போதே இவற்றைப் பற்றிச் சொன்னால் எத்தனையோ தவறான ஊசிகள் தடுக்கப்படும்.

பார்வை போகுமுன் நோயைக் கண்டுபிடிப்பதிலும் செயற்கை நுண்ணறிவு உதவுகிறது. விழித்திரைப் படத்திலிருந்து சர்க்கரை நோயின் பாதிப்பைக் கண்டறியும் கூகுளின் ஆய்வு 2016இல் வெளிவந்தது. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளின் படங்களும் அதற்குப் பயன்பட்டன. தாய்லாந்தின் சுகாதார நிலையங்களுக்கு அதே நுட்பம் போனபோது, ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தெளிவு போதாது என்று அது தள்ளிவிட்டது. படம் எடுக்கும் அறையைப் போதிய அளவு இருட்டாக்க வழியில்லை என்பது முக்கியக் காரணம். கருவியோடு ஒரு திரைச்சீலைக்கும் காசு ஒதுக்கியிருக்க வேண்டும்.

வீட்டுக்குள் வருவோம். திருகும் குமிழ் இருந்த காலத்தில் பார்வை மங்கியவர் அடுப்பைத் தடவியே சமைத்தார். இண்டக்‌ஷன் அடுப்பிலும் வாஷிங்மெஷினிலும் இப்போது வழவழப்பான கண்ணாடிப் பரப்புதான். விரலுக்கு எதுவும் தட்டுப்படாது. தடவிப் பார்த்தால் அதுவே கட்டளை ஆகிவிடும். முப்பது ஆண்டுகள் தன் அடுப்படியைத் தானே ஆண்ட ஒருவரை இது ஒரே நாளில் அந்நியராக்கிவிடுகிறது. இதை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொத்தானுக்குப் பக்கத்தில், தொட்டால் தெரிகிற மாதிரி கல் பதித்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினால் பாதிச் சிக்கல் தீரும். அந்த மேட்டை உற்பத்தியாளரே வைத்துத் தந்திருக்கலாம்.

குறைபார்வை உள்ளவர்களை நினைத்துச் செய்யப்படாத சில நுட்பங்கள் இவர்களுக்கே பெரிதும் உதவியிருக்கின்றன. எவ்வளவு பணம் வந்தது என்று உரக்கச் சொல்லும் சவுண்ட்பாக்ஸ், கண் மங்கிய பெட்டிக்கடைக்காரரை வாடிக்கையாளரின் நேர்மையை மட்டும் நம்பி நிற்கும் நிலையிலிருந்து விடுவித்தது. ரொக்கத்தில் அந்த வசதி இல்லை. 100, 200, 500 ரூபாய்த் தாள்கள் மூன்றுக்கும் அகலம் ஒன்றே, 66 மில்லிமீட்டர். நீளம் முறையே 142, 146, 150. ஒவ்வொன்றுக்கும் இடையே 4 மில்லிமீட்டர்தான். ஓரத்தில் விரலால் உணரப் புடைப்புக் கோடுகள் உண்டு, தாள் பழசாகும்போது அவை தேய்ந்துவிடும். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்ட 'மணி' செயலி, கேமரா முன் தாளைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும். இணையம் தேவையில்லை. கள்ள நோட்டா என்று மட்டும் அதனால் சொல்ல முடியாது.

'பி மை ஐஸ்' என்ற டென்மார்க் செயலி 2015இல் தன்னார்வலர்களை வீடியோ அழைப்பில் இணைத்துத் தொடங்கியது. 2023இலிருந்து அதே செயலியில் செயற்கை நுண்ணறிவும் படத்தைப் பார்த்து விவரிக்கிறது. சட்டையின் நிறம் எது, கதவில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரையும் கூப்பிடாமல் தெரிந்துகொள்வது பெரிய விடுதலை. ஆனால் இது தவறாகச் சொல்லும்போதும் தயங்காமல் சொல்லும். சட்டை நிறம் தவறினால் பாதகமில்லை. மாத்திரையின் பெயர் தவறக் கூடாது. மருந்து விஷயத்தில் இன்னொரு கண்ணைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

தெருவில் நிலைமை வேறு. சத்தமில்லாமல் வரும் மின் ஸ்கூட்டர், காதை நம்பி நடப்பவருக்கு ஆபத்து. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் புதிய மின்கார்கள் எல்லாம் மெதுவாகப் போகும்போது செயற்கை ஒலி எழுப்பியாக வேண்டும். நம் தெருக்களில் இருசக்கர வாகனங்களுக்குத்தான் அது முதலில் தேவை.

கண்ணுக்குள்ளேயே வைக்கும் கருவிகளைப் பற்றிய செய்திகள் அடிக்கடி வருகின்றன. அமெரிக்காவில் 2013இல் அனுமதி பெற்ற 'ஆர்கஸ் 2', 60 மின்முனைகள் கொண்ட செயற்கை விழித்திரை. உலகெங்கும் 350க்கும் மேற்பட்டவர்கள் பொருத்திக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் நிறுவனம் அதைக் கைவிட்டது. பழுது பார்க்க ஆளில்லாத கருவி கண்ணுக்குள் அப்படியே தங்கிவிட்டது. உடலுக்குள் ஒன்றை வைக்கும் நிறுவனம் நாளை இல்லாமல் போனால் யார் பொறுப்பு என்பதை அனுமதி தரும்போதே அரசுகள் எழுதி வாங்க வேண்டும்.

2025 அக்டோபரில் வெளிவந்த 'பிரைமா' ஆய்வு இதைவிட நம்பிக்கை தருகிறது. வயது முதிர்வால் விழித்திரை மையம் அழிந்த 38 பேருக்கு, 2 மில்லிமீட்டர் சதுரச் சில்லு ஒன்று விழித்திரைக்கு அடியில் வைக்கப்பட்டது. கேமரா பொருத்திய கண்ணாடி, காட்சியை அகச்சிவப்பு ஒளியாக அதன்மேல் வீசுகிறது. ஓராண்டுக்குப் பின் பரிசோதிக்கப்பட்ட 32 பேரில் 26 பேருக்கு எழுத்துகளைப் படிக்கும் திறன் குறிப்பிடத்தக்க அளவு கூடியது. கறுப்பு வெள்ளைக் காட்சிதான், பல மாதப் பயிற்சியும் தேவை. என்னை ஈர்த்தது வேறொன்று. அவர்களுடைய இயல்பான ஓரப்பார்வை கெடவில்லை. மிச்சத்தை மதித்த கருவி இது.

அது நம் ஊருக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, காத்திருப்பது நல்லதும் இல்லை. கவனிக்கப்படாத பார்வை இழப்பை, மறதிநோய்க்கு வழிவகுக்கும், ஆனால் மாற்றக்கூடிய 14 காரணிகளில் ஒன்றாக 'லான்செட்' ஆணையம் 2024இல் சேர்த்தது. "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று கண் மருத்துவர் சொன்ன பிறகும் செய்ய வேண்டியவை நிறைய உண்டு. பெரிய கண் மருத்துவமனைகளில் குறைபார்வைக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. எந்த உருப்பெருக்கி, எவ்வளவு வெளிச்சம், எந்தக் கோணத்தில் படிப்பது என்று அங்கே அளந்து சொல்வார்கள். கைபேசி அமைப்புகளில் 'அணுகல்தன்மை' என்ற பகுதியைத் திறந்தால் எழுத்தைப் பெரிதாக்கலாம், திரையை உருப்பெருக்கலாம், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக மாற்றலாம். இவை எல்லாம் இலவசம். வீட்டில் இளையவர் யாராவது இதைச் செய்து கொடுப்பதானால், பார்வை மங்கியவர் வழக்கமாக உட்காரும் இடத்தில், அவருக்குப் பழகிய வெளிச்சத்தில், அவர் கையிலேயே கைபேசியைக் கொடுத்து, எது தெரிகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் செய்யுங்கள்.