ஆயிரம் சிசி போதுமா?

படிப்பு முடிந்து முதல் சம்பளம் கைக்கு வந்ததும் நம் நண்பர்களிடையே எழும் கேள்வி: ஆக்சியாவா, மைவியா? சாலை வரியை மட்டும் பார்த்தால் விடை எளிது. தீபகற்ப மலேசியாவில் 1,000 சிசிக்கு உட்பட்ட காருக்கு ஆண்டுக்கு 20 வெள்ளி, 1.3 மைவிக்கு 70, 1.5க்கு 90. ஆனால் ஐம்பது வெள்ளியை மிச்சம் பிடிக்க யாரும் கார் வாங்குவதில்லை.

சிசி என்பது சிலிண்டர்களுக்குள் பிஸ்டன்கள் ஏறி இறங்கும் இடத்தின் மொத்தக் கொள்ளளவு. எவ்வளவு எடையை இழுக்கிறது என்று தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. 1994இல் வந்த கஞ்சில், வெறும் 660 சிசியோடு நகர நெரிசலில் சுறுசுறுப்பாக ஓடியது. காரணம், அது அவ்வளவு இலேசான கார்.

2023இல் வெளிவந்த ஆக்சியாவின் எடை 900 கிலோ அளவில் இருக்கும். தனியாக வேலைக்குப் போய்வர 998 சிசி தாராளம். நான்கு பேரும் பைகளும் ஏறினால் ஏறக்குறைய 300 கிலோ, அதாவது மூன்றில் ஒரு பங்கு எடை கூடிவிடுகிறது. ஏர்கோனும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

விளம்பரத்தில் காணும் 67 குதிரைத்திறன் நிமிடத்திற்கு 6,000 சுழற்சியில்தான் கிடைக்கும். இதைப் பலர் கவனிப்பதில்லை. அதன் உச்ச முறுக்குவிசை 91 நியூட்டன் மீட்டர். கணக்குப் போட்டால், 2,000 சுழற்சியில் கிடைப்பது 26 குதிரைத்திறனுக்கும் குறைவு. 4,000இல் சுமார் 50. இயந்திரம் அலறுகிறதே என்று பயந்து மிதியை மெல்ல அழுத்துபவர், இருக்கும் சக்தியில் பாதியைக்கூடப் பயன்படுத்துவதில்லை. சிறிய இயந்திரம் அலறத்தான் செய்யும். சூடேறிய, நன்கு பராமரித்த இயந்திரத்திற்கு அதனால் கேடில்லை.

தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறும் பழைய பாதையை நினைத்துப் பாருங்கள். இருவழிச் சாலை, வளைவுக்கு மேல் வளைவு, முன்னால் காய்கறி லாரி. நான்கு பேரோடு ஏறும்போது லாரியைக் கடக்க வேண்டுமென்றால், வெளியே எடுப்பதற்கு முன்பே கியரைக் குறைத்துச் சுழற்சியை ஏற்றியிருக்க வேண்டும். எதிர்த்தடத்தில் இறங்கிய பிறகு மிதியை அழுத்தி வேகத்திற்காகக் காத்திருப்பது உயிரோடு விளையாடுவது. 121 நியூட்டன் மீட்டர் கொண்ட 1.3 மைவி, கனமான காராக இருந்தும், இங்கே சீக்கிரம் கடந்துவிடும். எதிர்த்தடத்தில் இருக்கும் நேரம் குறையும்.

ஆகவே மாதந்தோறும் குடும்பத்தோடு மலையேறுபவர் 1.3க்குப் போகலாம். மற்றவர்களுக்கு ஆக்சியா போதும். எதுவானாலும் சோதனை ஓட்டத்திற்குத் தனியே போகாதீர்கள். மூன்று நண்பர்களை ஏற்றி, ஏர்கோனைப் போட்டு, ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள்.