விமானச் சீட்டில் வரி எது, கட்டணம் எது?

மைசூரில் வாழும் தமிழர்கள் சொந்த ஊர் சென்று வர நெடுங்காலமாக நம்பியிருப்பவை ரயிலும் பஸ்ஸுமே. தூத்துக்குடிக்கும் மயிலாடுதுறைக்கும் இங்கிருந்தே ரயில் உண்டு. திம்பம் மலைப்பாதை வழியே சத்தியமங்கலம் செல்லும் சாலையும் நமக்குப் பழக்கமானதே. ஆயினும், ஊரில் பெரியவர் ஒருவருக்கு உடல்நலம் குன்றியது என்று திடீரெனச் செய்தி வந்தாலோ, தங்கை கல்யாணத்துக்கு இரண்டே நாள் விடுமுறை கிடைத்தாலோ, நம்மில் பலர் இக்காலத்தில் விமானத்தை நாடுகிறோம். நேர் விமானம் வாய்க்காவிட்டால் பெங்களூருக்கு அப்பால் தேவனஹள்ளி வரை சென்று விமானம் ஏறுகிறோம்.

விமானச் சீட்டை வாங்கும்போது நாம் பார்ப்பது பெரும்பாலும் மொத்தத் தொகையை மட்டுமே. அதன் கீழே அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கூடுதல் கட்டணம், பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம், ஜி.எஸ்.டி. என்று பல இனங்கள் அச்சாகியிருக்கும். அவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து 'வரி' என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். அவ்வாறு சொல்லும்போது நமக்குத் திரும்பி வரவேண்டிய பணத்தை நாமே கைவிட்டுவிட நேர்கிறது.

வரி என்பது அரசாங்கம் தன் பொதுச் செலவுக்காக விதிப்பது. கட்டணம் என்பது குறிப்பிட்ட ஒரு வசதிக்காக, அவ்வசதியின் செலவை ஈடுகட்ட வாங்குவது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பும் இவ்விரண்டையும் இவ்வாறே பிரித்துக் காட்டுகிறது. நம் சீட்டிலுள்ள இனங்களை இந்தப் பாகுபாட்டைக் கொண்டு பார்ப்போம்.

முதலில் வரி. நம் நாட்டில் வெளிநாட்டுப் பயண வரி 1979ஆம் ஆண்டிலும், உள்நாட்டு விமானப் பயண வரி 1989ஆம் ஆண்டிலும் ஏற்பட்டன. இரண்டும் 2004 ஜனவரியில் விலக்கப்பட்டன. 2010இல் உள்நாட்டுச் சாதாரண வகுப்புப் பயணிகளுக்கும் சேவை வரி வந்தது. 2017 ஜூலை முதல் தேதி அதன் இடத்தில் ஜி.எஸ்.டி. அமைந்தது. சாதாரண வகுப்புக்கு அப்போது விதிக்கப்பட்டது 5 சதவிகிதம். உயர் வகுப்புகளுக்கு இருந்த 12 சதவிகிதம் 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவிகிதமாயிற்று.

அடுத்து, விமான நிலையத்தைச் சார்ந்த கட்டணங்கள். நிலையத்தைக் கட்டிப் பேணும் செலவுக்காக வாங்கப்படுவது பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம். இது நிலையத்துக்கு நிலையம் வேறுபடும். பெரிய நிலையங்களுக்கு இதனை நிர்ணயிப்பது விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம். பாதுகாப்புக் கட்டணம், நம் பைகளையும் மேனியையும் சோதிக்கும் காவல் ஏற்பாட்டுக்கானது. 2021 ஏப்ரலில் இது உள்நாட்டுப் பயணி ஒருவருக்கு 200 ரூபாய் என உயர்த்தப்பட்டது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு இக்கட்டணம் இல்லை. இத்தொகைகளை விமான நிறுவனம் நம்மிடம் வாங்கி, உரியவரிடம் சேர்ப்பிக்கிறது. இடையில் கைமாற்றும் வேலை மட்டுமே அதனுடையது.

மூன்றாவதாக, எரிபொருள் கூடுதல் கட்டணம். பெயரளவில் இது ஒரு வரிபோலத் தோன்றினும், அரசாங்கம் இதை விதிப்பதில்லை. இதில் ஒரு காசும் நேராகக் கஜானாவுக்குச் செல்வதில்லை. விமான நிறுவனம் தானே முடிவு செய்து வாங்கி, தானே வைத்துக்கொள்வது இது. விமானம் ஓட்டும் செலவில் கணிசமான பகுதி எரிபொருளுக்கு ஆகிறது. அதன் விலை மாதந்தோறும் மாறுகிறது. விலை ஏறும்போது அடிப்படைக் கட்டணத்தை உயர்த்தாமல், தனி இனமாக இதைச் சேர்க்கிறார்கள். 2023 அக்டோபரில் இண்டிகோ நிறுவனம் 500 கிலோமீட்டர் வரையிலான பயணத்துக்கு 300 ரூபாய் தொடங்கி, மிக நீண்ட பயணத்துக்கு 1,000 ரூபாய் வரை இக்கட்டணத்தை விதித்தது. எரிபொருள் விலை இறங்கவே, 2024 ஜனவரி 4ஆம் தேதி அதை நீக்கியது. வந்த கட்டணம் மூன்று மாதத்தில் போயிற்று. இரண்டுக்கும் காரணம் நிறுவனத்தின் தீர்மானமே.

எரிபொருளின் விலைக்குள்ளும் வரி அடங்கியிருக்கிறது என்பது உண்மை. விமான எரிபொருள் ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவரப்படவில்லை. மத்திய அரசின் கலால் வரியும் மாநிலத்தின் விற்பனை வரியும் அதன்மீது விழுகின்றன. மைசூர் போன்ற சிறு நிலையங்களுக்கு 2016ஆம் ஆண்டின் உடான் திட்டம் இதில் சலுகை அளித்தது. அத்திட்டத்தின்கீழ் 2017 செப்டம்பரில் ட்ரூஜெட் நிறுவனம் மண்டகள்ளி நிலையத்திலிருந்து சென்னைக்கு விமானம் விட்டது. பெரிய நகரங்களுக்கிடையே பறக்கும் விமானங்கள்மீது ஒரு தொகை விதித்து, அதைக்கொண்டு சிற்றூர்ச் சேவைகளின் நஷ்டத்தை ஈடுசெய்வது அத்திட்டத்தின் முறை. அந்நிறுவனம் 2022இல் சேவையை நிறுத்திக்கொண்டது வேறு கதை.

இனி நம் கைப்பணத்தைப் பற்றிய செய்திக்கு வருவோம். பயணத்தை ரத்துச் செய்தால் விமான நிறுவனம் பிடித்துக்கொள்ளும் தொகைக்கு ஓர் எல்லை உண்டு. அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கூடுதல் கட்டணம் ஆகிய இரண்டின் கூட்டுத்தொகையே அவ்வெல்லை. சட்டப்படியான வரிகளையும், நிலையம் சார்ந்த கட்டணங்களையும் பயணிக்குத் திருப்பித் தரவேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதி. சலுகை விலைச் சீட்டானாலும், 'பணம் திரும்பாது' என்று அச்சிட்ட சீட்டானாலும், விமானத்தைத் தவறவிட்டாலுங்கூட 2016 முதல் இவ்விதி பொருந்தும். பறக்காத பயணிக்கு நிலையமும் காவலும் சேவை செய்யவில்லை அல்லவா? ஆகவே அப்பணம் அவருடையதே.

ஓர் உதாரணம் பார்ப்போம். கணக்கு எளிதாவதற்காக ஜி.எஸ்.டி.யை ஒதுக்கிவைத்து, தொகைகளை நாமே கற்பித்துக்கொள்வோம். ஒரு சீட்டுக்கு அடிப்படைக் கட்டணம் 1,800 ரூபாய், எரிபொருளுக்கு 300, நிலையக் கட்டணம் 350, பாதுகாப்புக்கு 200 என்று கொள்வோம். மொத்தம் 2,650 ரூபாய். நால்வர் கொண்ட குடும்பம் பயணத்தைக் கைவிட்டால், சீட்டுக்கு 2,100 ரூபாய்வரை நிறுவனம் பிடித்துக்கொள்ளலாம். மீதி 550 ரூபாய் வீதம் நால்வருக்கும் 2,200 ரூபாய் திரும்பி வரவேண்டும். மாதச் சம்பளக்காரர் வீட்டில் இது பல நாள் காய்கறிச் செலவு. 'சீட்டுப் போனது போனதுதான்' என்று வாளாவிருந்தால், இத்தொகையைக் கேட்பார் இல்லை.

எனவே நாம் செய்யவேண்டியவை மூன்று. சீட்டு வாங்கும்போதே ஒவ்வோர் இனத்தையும் தனித்தனியே காட்டும் பட்டியலைப் பத்திரப்படுத்த வேண்டும். பயணம் நின்றுவிட்டால், விமானம் புறப்படுமுன்பே ரத்துச் செய்து, வரிகளையும் நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தருமாறு எழுத்து மூலம் கேட்க வேண்டும். முகவர் மூலம் வாங்கிய சீட்டானாலும் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதே என்பதை எடுத்துச் சொல்லலாம். முகவர் தமக்கென வாங்கும் சேவைக் கட்டணம் வேறு. அது பொதுவாகத் திரும்புவதில்லை. கேட்டும் கிடைக்காவிட்டால், மத்திய அரசின் 'ஏர்சேவா' தளத்தில் முறையிட வழி உண்டு.

தமிழில் 'வரி' என்ற சொல்லுக்கு எழுத்தின் வரிசை என்றும் ஒரு பொருள் உண்டு. விமானச் சீட்டில் அந்த வரிகளை ஒருமுறை நிதானமாகப் படித்தால், எந்தப் பணம் அரசாங்கத்துடையது, எது நிறுவனத்துடையது, எது நம்முடையது என்பது தெளிவாகிவிடும்.