வந்த டாலரும் நின்ற டாலரும்

நாடுகளும் சேவைத் துறையும் – 8

ஒரு நாட்டின் உற்பத்தியை வேளாண்மை, தொழில், சேவை என மூன்றாகப் பகுத்துக் கணக்கிடும் முறையில் சுற்றுலாவுக்கென்று தனி இடம் கிடையாது. நெல் விளைந்தால் வேளாண்மையில் சேரும். துணி நெய்தால் தொழிலில் சேரும். ஆனால் விடுதி அறை, விமானப் பயணம், படகுச் சவாரி, உணவகச் சாப்பாடு ஆகியவை சேவைத் துறையின் வெவ்வேறு பிரிவுகளில் சிதறிக் கிடக்கின்றன. ஓர் உணவகத்தில் சாப்பிடும் உள்ளூர்க்காரரின் செலவு சுற்றுலாவில் சேராது. பக்கத்து மேசையில் அதையே சாப்பிடும் பயணியின் செலவு சேரும். விற்கப்படும் பொருளைப் பார்க்காமல் வாங்குபவர் யார் என்பதைப் பார்த்தே சுற்றுலா வரையறுக்கப்படுவதால்தான் இந்த நிலை. பயணிகளின் செலவை மட்டும் தேசியக் கணக்கிலிருந்து பிரித்தெடுத்துத் தொகுக்கும் 'சுற்றுலாத் துணைக் கணக்கு' என்ற முறையை ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் ஆணையம் 2000ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டதற்கும் இதுவே காரணம்.

வெளிநாட்டுப் பயணியின் செலவு பொருளியல் நோக்கில் ஏற்றுமதி வருமானமாகும். 1995இல் நடைமுறைக்கு வந்த சேவை வணிகத்திற்கான பொது உடன்பாடு, சேவைகள் எல்லை கடக்கும் வழிகள் நான்கு என்று வகுத்து, வாங்குபவரே விற்பவரின் நாட்டுக்கு வந்து நுகர்வதை அவற்றுள் இரண்டாவதாக வைத்தது. கப்பலில் ஏற்றப்படாமலே விற்பனையாகும் இந்த ஏற்றுமதி அந்நியச் செலாவணியை ஈட்டித் தருகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஈட்டிய செலாவணியில் எவ்வளவு நாட்டுக்குள் தங்குகிறது, யார் கையில் தங்குகிறது என்ற கேள்விக்குப் பயணிகளின் எண்ணிக்கை விடை சொல்லாது. அந்த விடையைத் தேட, தேசியப் பொருளாதாரத்தையே சுற்றுலாவின் மேல் எழுப்பிய மாலத்தீவைப் போல ஏற்ற நாடு அருமை. அங்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நேரடியாகச் சுற்றுலாவிலிருந்து வருகிறது. கட்டுமானம், போக்குவரத்து, வணிகம் என அதைச் சார்ந்து நிற்பவற்றையும் சேர்த்தால் பங்கு இன்னும் பெரிதாகும்.

மாசியிலிருந்து விடுதிக்கு

இந்தியப் பெருங்கடலில் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் ஏறத்தாழ 1,190 பவளத் தீவுகளின் தொகுப்பான மாலத்தீவில், மக்கள் வாழும் தீவுகள் இருநூறைத் தாண்டாது. நிலப்பரப்பு எல்லாம் சேர்ந்தும் சுமார் 300 சதுர கிலோமீட்டர்தான். நெல்லோ கோதுமையோ விளையாத அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள், தூண்டிற்கம்பால் ஒவ்வொன்றாகப் பிடித்த சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் காயவைத்து மாசியாக்கி, அதைக் கொடுத்து அரிசியும் துணியும் வாங்கினர். அந்த மாசிக்குப் பெரிய சந்தை இலங்கை. 1970களின் தொடக்கத்தில் இலங்கை தன் செலாவணித் தட்டுப்பாட்டால் மாசி இறக்குமதியைக் கடுமையாகக் குறைத்தபோது, ஒரே பொருளை ஒரே சந்தையில் விற்று வாழ்ந்த பொருளாதாரத்தின் அடித்தளமே ஆட்டம் கண்டது. தெற்கே கான் தீவிலிருந்த பிரித்தானிய விமானப்படைத் தளம் 1976இல் மூடப்பட்டபோது, அதை நம்பியிருந்தவர்களின் கூலி வருமானமும் நின்றுபோனது.

சுற்றுலா அந்த நெருக்கடிக் காலத்தில்தான் காலூன்றியது. 1960களில் நிலைமையை ஆராய வந்த ஐக்கிய நாடுகள் குழு, அடிப்படை வசதிகளே இல்லாத இத்தீவுகளில் சுற்றுலா வளர வாய்ப்பில்லை என்று கருதியதாகக் கூறப்படுகிறது. ஆனால் இத்தாலியப் பயண முகவரான ஜார்ஜ் கோர்பின், முகமது உமர் மணிக்கு முதலிய உள்ளூர் இளைஞர்களின் துணையோடு 1972இல் முதற் பயணிகளை அழைத்து வந்தார். அதே ஆண்டில் தலைநகர் மாலேக்கு அருகே விஹாமனாஃபுஷி தீவில், பவளக் கல்லும் தென்னோலையும் கொண்டு கட்டப்பட்ட 30 அறைகளுடன் 'குரும்பா' விடுதி திறக்கப்பட்டது. அந்த ஆண்டில் ஏறத்தாழ ஆயிரம் பேர் வந்த நாட்டுக்கு 2024இல் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர்.

ஒரு தீவு, ஒரு விடுதி

இந்த வளர்ச்சிக்கு அரசு தேர்ந்துகொண்ட வடிவம் தனித்தன்மை வாய்ந்தது. ஆளில்லாத் தீவொன்றை அரசு குத்தகைக்கு விடும். குத்தகைதாரர் அத்தீவில் ஒரே ஒரு விடுதியை அமைத்து, மின்சாரத்தை உற்பத்தி செய்து, கடல்நீரைக் குடிநீராக்கி, கழிவுநீரைச் சுத்திகரித்து, தமக்கு வேண்டிய எல்லாவற்றையும் தாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். தீவின் பரப்பில் சிறு பங்கிலேயே கட்டடம் எழலாம், கட்டடம் மரங்களின் உச்சிக்கு மேலே உயரக்கூடாது என்ற விதிகள் தீவுகளின் இயற்கை அழகைக் காத்தன. சாலையும் மின்கம்பியும் போடப் பணமில்லாத ஓர் ஏழை அரசு, அந்த முதலீட்டை முழுவதும் தனியார் தலையில் ஏற்றி, நிலத்தின் உரிமையை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டு வாடகை வாங்கியது என்ற வகையில் அது மிகக் கூர்மையான ஏற்பாடாகும். 2011இல் மாலத்தீவு மிகப் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து வெளியேறியதற்கு அடித்தளம் இட்டதும் அந்த ஏற்பாடுதான்.

எனினும் அதற்கு ஒரு விலையும் இருந்தது. பயணியர் தீவு வேறு, மக்கள் தீவு வேறு என்று நாடு இரண்டாகப் பிரிந்தது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து கால் நூற்றாண்டுக் காலம் மக்கள் வாழும் தீவுகளில் வெளிநாட்டுப் பயணிகள் தங்குவதற்கு இடமளிக்கப்படவில்லை. விடுதித் தீவில் வேலை கிடைத்தவர் வீட்டை விட்டுப் போய் அங்கேயே தங்க வேண்டியிருந்ததால், குழந்தைகளை வளர்க்கும் பெண்களுக்கு நாட்டின் முதன்மைத் தொழிலின் கதவு பெரும்பாலும் அடைந்தே கிடந்தது. பணியிடங்களில் கணிசமானவற்றை வங்கதேசம், இந்தியா, இலங்கை, நேபாளம், பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் நிரப்பினர். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பதிவான 5.15 லட்சம் பேரில் நான்கில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவர்.

கசிவு என்னும் கணக்கு

பயணி செலவிட்ட தொகையில் அந்த நாட்டைச் சேராமலேயோ, சேர்ந்த பின் வெளியேறியோ போய்விடும் பகுதியைப் பொருளியலாளர்கள் 'கசிவு' என்கின்றனர். மிலானிலோ பிராங்ஃபர்ட்டிலோ பயணத் தொகுப்பை வாங்குபவர் கொடுக்கும் பணத்தில் விமான நிறுவனத்துக்கும் பயண முகவருக்கும் உரிய பங்கு ஐரோப்பாவிலோ வளைகுடாவிலோ நின்றுவிடுகிறது. எஞ்சியது விடுதிக்கு வந்தாலும், பன்னாட்டு நிர்வாக நிறுவனத்தின் கட்டணம், வெளிநாட்டு முதலீட்டாளரின் இலாபம், வெளிநாட்டுப் பணியாளர் வீட்டுக்கு அனுப்பும் சம்பளம், மின்னாக்கிக்கு வேண்டிய டீசல், சமையலறைக்கு வேண்டிய இறைச்சி, பால், காய்கறி என அது பல வழிகளில் வெளியேறுகிறது. இதற்கு எதிரான விசை 'பெருக்கி விளைவு'. விடுதியிலிருந்து மீனவர் பெற்ற பணம் படகு கட்டும் தச்சருக்கும், தச்சரிடமிருந்து கடைக்காரருக்கும் கைமாறிச் செல்லும்போது, ஒரு டாலர் ஒன்றுக்கு மேற்பட்ட வருமானத்தைத் தோற்றுவிக்கிறது. கசிவு பெருகினால் பெருக்கி சுருங்கும் என்பது இவ்விரண்டுக்கும் உள்ள உறவு.

மாலத்தீவின் காலை உணவான 'மாஸ் ஹுனி'யைக் கூர்ந்து பார்த்தால் இந்தக் கணக்கு தட்டிலேயே தெரியும். சூரை மீனையும் துருவிய தேங்காயையும் வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாற்றோடு பிசைந்து ரொஷி என்னும் ரொட்டியோடு உண்பது அது. மீன் உள்ளூர்க் கடலில் பிடித்தது. தேங்காய் உள்ளூரில் காய்ப்பது. ரொட்டிக்கான கோதுமை மாவும் வெங்காயமும் கடல் கடந்து வருபவை. தூத்துக்குடியிலிருந்து மாலேக்கு வெங்காயமும் உருளைக்கிழங்கும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிச் செல்லும் தோணிகள் இந்தத் தேவையால்தான் ஓடுகின்றன. 2024–25ஆம் ஆண்டுக்கு மாலத்தீவுக்கென்று இந்தியா அனுமதித்த ஏற்றுமதி அளவில் வெங்காயம் 35,749 டன், ஆற்று மணல் 10 லட்சம் டன். உணவைப் போலவே கட்டடத்துக்கான மணலும் சரளைக்கல்லும்கூட வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும் என்னும் நாட்டில், புதிய அறை ஒன்று எழும்போதே அதன் எதிர்கால வருமானத்தில் ஒரு பகுதி வெளியே கொடுக்கப்பட்டுவிடுகிறது. கசிவின் ஒரு பகுதி இயற்கை விதித்தது, அதை எந்த அரசாலும் அடைக்க முடியாது. மறுபகுதி விதிமுறைகளால் ஆவது, அதை அரசால் அடைக்க முடியும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே கொள்கை வகுப்போரின் முதற்பணி.

அரசின் கையிலிருக்கும் கருவிகள்

முதற் கருவி வரி. சுற்றுலாச் சேவைகளின் மீதான பொருள் மற்றும் சேவை வரியை மாலத்தீவு 2011இல் 3.5 சதவீதத்தில் தொடங்கி, 2014இல் 12 சதவீதம், 2023இல் 16 சதவீதம், 2025 ஜூலையில் 17 சதவீதம் எனப் படிப்படியாக உயர்த்தியது. தங்கும் நாள் ஒன்றுக்கு ஆள்வீதம் வாங்கப்படும் பசுமை வரி 2015இல் 6 டாலராக இருந்து, 2025இல் விடுதித் தீவுகளில் 12 டாலராகவும் சிறிய விருந்தினர் இல்லங்களில் 6 டாலராகவும் ஆனது. நாளொன்றுக்கு 500 டாலர் வாடகையுள்ள அறையில் இருவர் தங்குவதாக வைத்துக்கொண்டால், மற்றக் கட்டணங்களை விட்டுவிட்டாலும், 85 டாலர் சேவை வரியாகவும் 24 டாலர் பசுமை வரியாகவும் ஆக 109 டாலர் அரசுக்குச் சேர்கிறது. விடுதியின் உரிமையாளர் எந்த நாட்டவராயினும், சமையலறைக்கு எங்கிருந்து சரக்கு வந்தாலும், இந்தத் தொகை கசியாது. குத்தகை வாடகையும் அவ்வாறே.

இரண்டாவது கருவி உரிமையைப் பரவலாக்குவது. மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்களை நடத்தலாம் என்று 2009–10இல் விதி தளர்த்தப்பட்ட பின், முன்பு சிறைச்சாலையால் மட்டும் அறியப்பட்ட மாஃபுஷி தீவு விருந்தினர் இல்லங்களால் நிறைந்தது. திருக்கை மீன்கள் கூடும் ஹனிஃபாரு விரிகுடாவுக்கு அருகிலுள்ள தரவந்தூவும், தர்ப்பூசணித் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற தொட்டூவும் பயணிகளை ஈர்க்கத் தொடங்கின. எண்பது டாலர் அறையிலிருந்து அரசுக்குக் கிடைக்கும் வரி சிறிதுதான். ஆனால் எஞ்சிய தொகை வீட்டு உரிமையாளருக்கும், படகோட்டிக்கும், ரொட்டி சுட்டுக் கொடுக்கும் பெண்ணுக்கும், தோட்டக்காரருக்கும் பிரிந்து அதே தீவில் புழங்குகிறது. வீட்டை விட்டு வெளியேறாமலே பெண்கள் சுற்றுலாவில் பங்கேற்கும் வழியும் இதனால் பிறந்தது. சிறு தீவுகளின் நிலத்தடி நீரின் மீதும் குப்பை அகற்றும் வசதியின் மீதும் சுமை கூடியதும் உண்மையே. ஆயினும் அச்சுமையைத் தாங்கும் வசதிகளை ஏற்படுத்துவதற்குத்தான் பசுமை வரி இருக்கிறது.

மூன்றாவது கருவி செலாவணி விதி. 2024இல் வரலாறு காணாத அளவுக்குப் பயணிகள் வந்துகொண்டிருந்த அதே காலத்தில், மாலத்தீவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்து, வெளிநாட்டுக் கடன் பத்திரத்துக்கு வட்டி கட்ட முடியுமா என்ற ஐயம் சந்தைகளில் எழுந்தது. எரிபொருள், உணவு இறக்குமதியின் செலவும், பாலம், விமான நிலையம், குடியிருப்பு முதலியவற்றுக்காக வாங்கிய கடனின் சுமையும் ஒருபுறம். விடுதிகள் ஈட்டிய டாலரில் பெரும்பகுதி உள்நாட்டு வங்கிகளை எட்டாமலே போனது மறுபுறம். ஒரு டாலருக்கு 15.42 ரூஃபியா என்ற அதிகாரபூர்வ விலைக்கு டாலர் கிடைக்காமல், வெளிச்சந்தையில் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்க வேண்டிய நிலை சாதாரண வணிகருக்கும் நோயாளிக்கும் மாணவருக்கும் ஏற்பட்டது. 2024 அக்டோபரில், பயணி ஒருவருக்கு 500 டாலர் என்ற கணக்கில் பெரிய விடுதிகளும், 25 டாலர் என்ற கணக்கில் சிறிய விருந்தினர் இல்லங்களும் உள்நாட்டு வங்கிகளில் மாற்றியாக வேண்டும் என்ற விதி வந்தது. அதே மாதத்தில் 40 கோடி டாலரும் 3,000 கோடி இந்திய ரூபாயும் கொண்ட நாணயப் பரிமாற்ற ஏற்பாட்டை, அதாவது ஒரு நாட்டு நாணயத்தை ஈடாகக் கொடுத்து மற்றொன்றைக் குறித்த காலத்துக்குப் பெறும் ஒப்பந்தத்தை, இந்தியா வழங்கியது. விதி முன்னரே வந்திருந்தால் கடன் இவ்வளவு இறுக்கியிருக்காது.

ஒற்றைத் தொழிலின் இடர்

மாசியை மட்டும் நம்பியிருந்த நாடு பின்னர் பயணியை மட்டும் நம்பும் நாடாயிற்று. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் உயிரிழப்பு குறைவே ஆயினும், பொருள் இழப்பு அந்நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் பாதியைத் தாண்டியது. 2020 மார்ச் இறுதியில் எல்லையை மூடிய நாடு ஜூலை 15இல் மீண்டும் திறந்தது. ஆனால் அந்த ஓராண்டில் உற்பத்தி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. 2023இல் மிக அதிகமான பயணிகளை அனுப்பிய இந்தியா, 2024 தொடக்கத்தில் எழுந்த அரசியல் கசப்புக்குப் பின் முதலிடத்திலிருந்து வெகுவாகக் கீழிறங்கியது. நெல்லை அடுத்த மாதம் விற்கலாம், மீனை உலர்த்தி வைக்கலாம். நேற்றிரவு காலியாகக் கிடந்த அறையை இன்று விற்க முடியாது. சேமித்து வைக்க இயலாமை எல்லாச் சேவைகளுக்கும் பொதுவான இயல்பு என்பதால், நல்ல ஆண்டின் வருமானத்தைச் செலாவணிக் கையிருப்பாகவும் நிதியமாகவும் சேர்த்து வைக்கும் பொறுப்பு அரசின் மீது விழுகிறது.

தேசியக் கணக்கு காட்டாத இன்னொரு செலவும் உண்டு. 1998இலும் 2016இலும் கடல் வெப்பம் உயர்ந்து பவளப்பாறைகள் பெருமளவில் வெளுத்தன. அந்தப் பாறைகள்தாம் கடற்கரையைக் காப்பவை, மீனை வளர்ப்பவை, பயணியை வரவழைப்பவை. விடுதியின் கட்டடம் தேய்வதற்குத் தேய்மானம் கழிக்கும் கணக்குமுறை, பாறை அழிவதற்கு எதையும் கழிப்பதில்லை.

ஆகவே, சுற்றுலாவை வளர்க்க விரும்பும் எந்த நாடும் வந்த தலைகளை எண்ணிப் பெருமைப்படுவதோடு நிற்கலாகாது. பயணி கொடுத்த பணத்தில் எவ்வளவு உள்நாட்டு வங்கியை எட்டியது, எவ்வளவு ஊர்மக்களின் கூலியாகவும் கொள்முதலாகவும் மாறியது, எவ்வளவு கடலையும் கரையையும் காக்கச் செலவிடப்பட்டது என்பவற்றை ஆண்டுதோறும் கணக்கிட்டு மக்கள் முன் வைப்பது அரசின் கடமை. குத்தகை, வரி, உரிமம், செலாவணி ஆகியவற்றைப் பற்றிய விதிகளை எழுதும் அதிகாரம் விருந்தோம்பும் நாட்டின் கையில் இருக்கிறது. அந்த அதிகாரத்தைத் தாமதமின்றிப் பயன்படுத்துவதைப் பொறுத்தே சுற்றுலா அந்நாட்டு மக்களின் வருமானமாகிறது.

2018இல் 23 லட்சம் பயணிகளை வரவேற்ற இலங்கை, அடுத்த நான்கே ஆண்டுகளில் எரிபொருள் வாங்கவும் டாலரின்றித் தவித்ததில் சுற்றுலாவின் பங்கு என்ன என்பதை அடுத்த பகுதி ஆராயும்.

(தொடரும்)